முகமும் முகப்பும்

(மலாக்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவின் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். பொது இடங்களில் முஸ்லிம் பெண்கள் முகத்திரை அணிவதை அரசு தடைசெய்யலாமா என்று பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் தயங்கினார். "டீச்சர், அது அவங்க சமாச்சாரம். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். அக்கறையோடுதான் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லவே இந்த உரையை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் அம்மா ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும்போது தலைத்துணி கட்டியிருப்பார். நிரைக்குள் நுழைந்ததும் பழைய சேலைத் துண்டு ஒன்றை எடுத்து மூக்கு, வாய், கன்னம், கழுத்து எல்லாம் மறைய இறுக்கிச் சுற்றிக்கொள்வார். ரப்பர்க்காட்டுக் கொசு அப்படி. இடுப்பில் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் நானும் கூடப் போவேன். சுற்றிலும் ஐந்தாறு பெண்கள், எல்லாரும் ஒரே மாதிரிச் சுற்றிக்கொண்டவர்கள். அவர்களில் என் அம்மா யார் என்று நான் ஒரு நாளும் திகைத்ததில்லை. நடையில் தெரியும். உளி பட்டையில் இழுபடும் சத்தத்தில் தெரியும். காண்டா வாளியோடு பால் கொட்டகைக்கு வந்து, கிராணி எடை பார்த்துப் பேர் எழுதும்போது மட்டும் துணியைக் கழுத்துக்கு இறக்குவார். எழுதி முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். அந்தச் சில நிமிடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவேன்.

சம்பள நாளில் ஜாசின் பட்டணத்தில் ஒரு மரைக்காயர் கடைக்குப் போவோம். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடும் கடைக்கார அம்மாள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருப்பார். ஆண்கள் யாராவது உள்ளே வந்தால் துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்துவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி பேசுவார். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் பழைய வழக்கம் அது. அதைப் பற்றி நான் கேட்டபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவுங்க துணி அவுங்க தலமேல. அரிசிய சரியா அளக்குறாங்களான்னு பாரு."

இன்று நாம் காணும் கறுப்பு நிகாப் அந்தத் துப்பட்டியின் மகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். 1970களிலும் 80களிலும் இந்த நாட்டில் எழுந்த தாக்வா என்னும் இஸ்லாமிய மறுமலர்ச்சி இயக்கங்களின் காலத்தில், அரபு நாடுகளின் பாணியைப் பார்த்து வந்து சேர்ந்தது அது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்காது. என்னிடம் தமிழ் படித்த ஒரு முஸ்லிம் பெண், செய்யுள் ஒப்புவிப்பதில் பள்ளியிலேயே முதலாவதாக வருபவள், பல ஆண்டுகள் கழித்து என் வீட்டு வாசலில் முகத்திரையோடு நின்றாள். குரலைக் கேட்ட பிறகே அடையாளம் கண்டேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் திரையை விலக்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தெருவில் யாரும் பார்க்கமாட்டார்களே என்று எனக்கு மனசு கனத்தது. "மாப்பிள்ளை சொல்லிப் போட்டதா?" என்று கேட்டுவிட்டேன். "அவர் வேண்டாம்னுதான் சொன்னார் டீச்சர், நானாத்தான் போட்டேன்" என்றாள். எல்லாப் பெண்களுக்கும் அப்படிச் சொல்ல வாய்க்காது. கணவனோ தகப்பனோ சொல்லி மூடிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடிக்காததையெல்லாம் காவல்துறையை வைத்து அவிழ்க்கலாம் என்று ஆகிவிட்டால், பிடிக்காதவர் பட்டியலில் நாளைக்கு நான் இருப்பேன்.

இந்த நாட்டில் வழக்கு நடக்காமல் இல்லை. 1985இல் பொதுச் சேவைத் துறையின் சுற்றறிக்கை ஒன்று, பெண் ஊழியர்கள் பணி நேரத்தில் முகத்தை மறைக்கும் உடை அணியக்கூடாது என்றது. ஈப்போவில் பேராக் மாநிலச் சட்ட ஆலோசகர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒரு பெண் அதற்குக் கட்டுப்படவில்லை. வேலை போயிற்று. அவர் நீதிமன்றம் போனார். அன்றைய உச்ச நீதிமன்றம் 1994இல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பர்தா என்னும் முகத்திரையை அணியச் சொல்லி இஸ்லாம் கட்டளையிடவும் இல்லை, அணியாதே என்று தடுக்கவும் இல்லை என்று கூட்டரசுப் பிரதேச முஃப்தி அளித்த கருத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்தச் சுற்றறிக்கை அரசியலமைப்பின் 11ஆவது விதி தரும் சமய உரிமையைத் தொடவில்லை என்றது.

தீர்ப்பின் முடிவை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். அரசுச் சம்பளம் வாங்கும் இடத்தில் அரசு ஓர் ஒழுங்கு வைக்கலாம். என்னைக் கலங்க வைப்பது நீதிமன்றம் அந்த முடிவுக்குப் போன வழி. ஒரு சமயத்தில் எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்று நீதிமன்றம் தீர்மானித்து, கட்டாயமில்லாததற்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் நாம் எங்கே நிற்போம்? மாசி மகத்தில் செங் சன்னாசிமலைக்கு நம் பிள்ளைகள் காவடி எடுத்து, அலகு குத்திப் போகிறார்கள். அலகு குத்தினால்தான் சைவனா என்று நீதிபதி கேட்டால், கூண்டில் நிற்கும் நம் குருக்களே இல்லை என்றுதான் சொல்வார். பொட்டு கட்டாயமா? காதில் தோடு கட்டாயமா? மாலை போட்டவன் தாடி கட்டாயமா? இந்த அளவுகோலில் நம் வாழ்க்கை முக்கால்வாசி நழுவிப் போய்விடும். கட்டாயம் என்ற ஒற்றைச் சொல்லில் ஒரு சமூகத்தின் வழிபாடு அடங்காது.

நல்ல வேளையாக நீதிமன்றமே பிறகு கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. நம் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில், செர்திங் பெல்டா குடியேற்றத்து ஆரம்பப் பள்ளியில் மூன்று முஸ்லிம் சிறுவர்கள் தலைப்பாகை கட்டி வந்ததற்காக 1997இல் நீக்கப்பட்டார்கள். சிரம்பான் உயர் நீதிமன்றம் 1999இல் அவர்கள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் அதை மாற்றியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றமும் சிறுவர்களுக்கு எதிராகவே முடித்தது. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி அப்துல் ஹமீட் முகமட், கட்டாயமா இல்லையா என்பது மட்டும் போதாது என்றார். அந்த வழக்கம் அந்தச் சமயத்துக்கு எவ்வளவு முக்கியம், தடை முழுத் தடையா அல்லது சில நேரம் சில இடத்துக்கு மட்டுமா, எந்தச் சூழலில் தடை செய்கிறார்கள் என்பதையும் எடைபோட வேண்டும் என்றார். பள்ளி விட்டதும் பையன் தலைப்பாகை கட்டிக்கொள்ளலாம், தடை பள்ளி நேரத்துக்கு மட்டுமே என்பது அந்தக் கணக்கில் வந்தது.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. பணி நேரத்துக்கு வைத்த விதி பணி முடிந்ததும் முடிந்துவிடும். அந்த எழுத்தர் மாலை ஐந்து மணிக்கு அலுவலக வாசலைத் தாண்டியதும் அவர் முகம் அவருடையது. தெருவுக்கே தடை என்றால் அதற்கு வாசலே கிடையாது. சந்தை, பேருந்து நிலையம், மருத்துவமனை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் தெருவுக்கு அப்பால்தான் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது வீடு ஒன்றுதான். வீட்டில் யாருக்கு அஞ்சி மூடுகிறாளோ, அவனோடு.

பிரான்சு 2010 அக்டோபரில் சட்டம் இயற்றி, 2011 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மீறினால் 150 யூரோ வரை அபராதம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் அதை ஏற்றது. சேர்ந்து வாழ்வதற்கு முகம் தெரிய வேண்டும் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2018இல் நேர்மாறாகச் சொன்னது. இந்தத் தடை பெண்களைக் காப்பதற்குப் பதிலாக வீட்டுக்குள் அடைத்துவிடக்கூடும் என்று எச்சரித்தது. சுவிட்சர்லாந்தில் 2021 மார்ச் 7 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 51.2 விழுக்காட்டினர் தடைக்கு ஆதரவு. அந்த நாடு முழுவதிலும் முகத்திரை அணிபவர்கள் ஏறத்தாழ முப்பது பேர்தான் என்று லூசெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். முப்பது பேருக்காக ஒரு நாடு வாக்குச்சாவடிக்குப் போனது.

இதற்கிடையில் 2020 வந்தது. நம் நாட்டில் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் கூட்டமான இடங்களிலும் முகக்கவரி கட்டாயம். பிரான்சிலும் பேருந்தில் ஏற முகக்கவரி கட்டாயமாயிற்று. முகத்திரைத் தடைச் சட்டமும் அப்படியே இருந்தது. ஒரே முகம், ஒரே அளவு மறைப்பு. கிருமிக்காக மூடினால் கடமை, இறைவனுக்காக மூடினால் குற்றம். முகம் தெரியாமல் மனிதர்கள் சேர்ந்து வாழ முடியாது என்பதை அந்த இரண்டாண்டு பொய்யாக்கிவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் போனவர்களின் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது.

நம் மொழி பேசும் மக்கள் பட்ட அனுபவம் ஒன்றும் உண்டு. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தமிழ்க் குழந்தைகள் இறந்தார்கள். அந்தத் துயரத்தை நான் சிறிதாக்கமாட்டேன். ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மறைப்பது தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, முகத்திரையைத் தவிர்க்கும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. தடை சொன்னது முகத்தை மட்டும். தெருவிலோ, தலையை மட்டும் மூடியிருந்த பெண்களைக்கூடக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் நிறுத்தி, கழற்று என்றார்கள். சட்டம் எழுதுகிறவர் ஓர் அங்குலம் கொடுத்தால், வாசலில் நிற்கும் காவலாளி ஒரு முழம் எடுத்துக்கொள்கிறார். அவசரநிலை அந்த ஆகஸ்டில் காலாவதியானது. 2021இல் புர்காவை நிரந்தரமாகத் தடைசெய்ய அமைச்சர் ஒருவர் மீண்டும் அமைச்சரவைக்கு எழுதினார். திருகோணமலையில் ஓர் இந்துப் பெண்கள் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்துத் தமிழர்கள் திரண்டது அதற்கும் முந்தைய கதை, 2018. அவர்கள் தங்கள் பள்ளியின் மரபைக் காப்பதாக மனமார நம்பினார்கள். ஒடுக்கப்பட்ட ஒரு சிறுபான்மை இன்னொரு சிறுபான்மையின் உடையைக் கண்டு அஞ்சிய அந்தக் காட்சி என்னை உறங்கவிடவில்லை.

ஏனென்றால் பெண் எதை மூடலாம் என்று அரசு தீர்மானித்த வரலாறு தமிழர்களுக்குப் பாடப்புத்தக வரலாறு மட்டும் இல்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்று வழக்கமும் அதிகாரமும் சேர்ந்து சொன்னது. மூடினால் சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1820களில் கலகம், 1858-59இல் மீண்டும் கலகம். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு 1859 ஜூலை 26 அன்று மன்னரின் பிரகடனம் வந்தது. மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மூடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. தோள்சீலைப் போராட்டத்தை முகத்திரையோடு ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அங்கே மூட உரிமை கேட்டார்கள், அதைச் சாதி தடுத்தது, இரண்டும் ஒன்றில்லைதான். ஆனாலும் சந்தையில் ஒரு பெண்ணின் மேலிருந்து துணியைப் பிடித்து இழுக்கும் கை எனக்கு இரண்டு இடத்திலும் ஒரே கையாகத்தான் தெரிகிறது.

ஈரானைப் பாருங்கள். 1936 ஜனவரியில் ரேசா ஷா முக்காட்டையே தடைசெய்தார். தெருவில் காவலர்கள் சாதரை இழுத்து அவிழ்த்தார்கள். எத்தனையோ பெண்கள் வெளியே வருவதையே விட்டார்கள். புரட்சிக்குப் பிறகு 1983இல் அதே நாட்டில் தலையை மூடாத பெண்ணுக்குக் கசையடி என்று சட்டம். 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று பிடித்துப்போகப்பட்ட 22 வயது மாசா அமினி காவலில் இருக்கும்போதே மயங்கி விழுந்து, மருத்துவமனையில் இறந்தார். பாட்டியின் முக்காட்டை உருவிய அரசுக்குப் பேத்தியின் முக்காட்டைக் கட்டிவிடும் அதிகாரம் புதிதாகத் தேவைப்படவில்லை.

இனி, தடை வேண்டும் என்பவர்கள் சொல்வதில் எனக்கு நியாயமாகப் படுவதைச் சொல்லவேண்டும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தியவள். ல, ள, ழ மூன்றையும் குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தருவோம்? வாயைத் திறந்து காட்டுவோம். நாக்கு நுனி எங்கே தொடுகிறது, எங்கே மடிகிறது, ழகரத்தில் எங்கும் தொடாமல் எப்படி வளைந்து நிற்கிறது என்று குழந்தை பார்த்துச் செய்யும். முகக்கவரிக் காலத்தில் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பழத்தைப் பலம் என்றார்கள், பிறகு திருத்த நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆகவே சிறு குழந்தைகளுக்கு மொழி கற்பிக்கும் ஆசிரியை வகுப்பில் முகத்தைக் காட்டத்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். காது கேளாதவர்களோடு பணிபுரிபவர்களுக்கும் அப்படித்தான். காரணம் அந்த வேலையிலிருந்தே வருகிறது.

அடையாளம் காட்டவேண்டிய இடமும் அப்படி. 2006இல் மதுரையில் முகத்தை மறைக்கும் கோஷாப் பெண்களின் புகைப்படத்தை வாக்காளர் பட்டியலில் போடக்கூடாது என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் ஏற்கவில்லை. சரியான முடிவு. வாக்கு ஆளுக்கு ஒன்று. ஆள் யார் என்று தெரிய வேண்டும். வங்கியிலும் குடிநுழைவு முகப்பிலும் நீதிமன்றக் கூண்டிலும் அதே நியாயம். என் மாணவியோடு ஒரு முறை வங்கிக்குப் போயிருந்தேன். முகப்பில் இருந்த பையன் தயங்கி, உள்ளே போய் ஒரு பெண் அதிகாரியை அழைத்துவந்தான். அவர் இவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், அடையாள அட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பால் கொட்டகையில் என் அம்மா துணியை இறக்கிய அதே நேரம்தான். அதற்கு மேல் அரசுக்கு ஒரு பெண்ணின் முகம் எதற்கு?

வற்புறுத்தி மூடவைக்கப்படுகிற பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அவளை நான் மறக்கவில்லை. ஆனால் அபராதச் சீட்டு அவள் பெயரில்தான் எழுதப்படும், வற்புறுத்தியவன் பெயரில் அல்ல. அவளுக்குத் தேவை சொந்த வருமானமும், அடித்தால் புகார் வாங்கும் காவல் நிலையமும், போய் நிற்க ஓர் இடமும். தோட்டத்தில் குடித்துவிட்டு அடித்த கணவன்மார்களிடமிருந்து நம் பெண்கள் எப்படித் தப்பினார்கள் என்று நமக்குத் தெரியும். கையில் சொந்தச் சம்பளம் இருந்தவள் தப்பினாள்.

இப்போது 'நமக்கு எதுக்கு வம்பு' என்பதற்கு வருகிறேன். 2015இல் கோம்பாக்கில் சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்துக்குப் போன ஒரு பெண்ணிடம், பாவாடை குட்டை என்று சொல்லி, சாரோங்கைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். 2023இல் காஜாங்கில் விபத்துப் புகார் கொடுக்கப் போன பெண்ணை அரைக்காற்சட்டைக்காகக் காவல் நிலையத்துக்குள் விடவில்லை. செய்தியில் வந்தவை இவை. வராதவை நம் வீடுகளில் இருக்கின்றன. பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில், தோட்டத்து மூதாட்டி ஒருவரைக் கைலியும் கையில்லாத ரவிக்கையுமாக வந்தார் என்று முகப்பிலிருந்து திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். பிறப்புப் பத்திரத்துக்காக மூன்றாம் முறையாக வந்திருந்தவர் அவர். எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, முந்தானையாக இழுத்துவிட ஏதாவது இருக்கிறதா என்று பையைத் துழாவினார். அவிழ் என்று சொல்லும் அரசும் சுற்று என்று சொல்லும் அரசும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. இங்கே அது இன்று நம்மைச் சுற்றிக்கொள்ளச் சொல்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வேண்டுமானால், என் மாணவியை அவிழ்க்கச் சொல்வதும் தப்பு என்று சொன்ன வாயாக அது இருக்கவேண்டும்.

மலாக்கா உடை வேற்றுமையை அறியாத ஊர் இல்லை. காஜா பேராங்கில் வாழும் செட்டி சமூகத்துப் பெண்கள் நூற்றாண்டுகளாகக் கெபாயாவும் சாரோங்கும் உடுத்தி, முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவருகிறார்கள். எந்த ஆணையும் அவர்கள் உடையை மாற்றவில்லை. டச்சுக்காரர் காலத்தில் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் பொய்யாத விநாயகர் கோயிலும் ஒரே தெருவில் நிற்கின்றன. அந்தத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள், எத்தனை விதமான உடை கடந்துபோகிறது என்று.

பேசுவதோடு நிறுத்த எனக்கு விருப்பமில்லை. மாநில அரசுக்கு அனுப்ப ஒரு மனு வரைந்திருக்கிறேன். உடையைக் காரணம் காட்டி எந்தப் பெண்ணையும் அரசு முகப்பிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ திருப்பி அனுப்பக்கூடாது என்று அது கேட்கிறது. உடை விதி எதுவாக இருந்தாலும், எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுதி வாசலில் ஒட்டவேண்டும் என்கிறது. முகத்தை அடையாளம் காணவேண்டிய இடத்தில் தனி அறையும் பெண் அலுவலரும் இருக்கவேண்டும் என்கிறது. கைலி கட்டிய மூதாட்டியும் நிகாப் அணிந்த பெண்ணும் ஒரே தாளில் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகங்களும் மகளிர் பிரிவுகளும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும் என்பது என் ஆசை. பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன.

முதல் பிரதியை என் மாணவியிடம்தான் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தாள். "இயன்றவரை பெண் அலுவலர் ஒருவர்" என்று நான் எழுதியிருந்த வரியில், இயன்றவரை என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்திருந்தாள். நீங்கள் எடுத்துப்போகும் பிரதியில் அந்தச் சொல் இருக்காது.